நடைமேடை புதுப்பிப்பில் கார்பன் 30% குறைக்கணும்: எல்லா காங்கிரீட்டிலும் பாதி ஸ்லாக் போட்டால் போதுமா?

மேடைவிளிம்பு:

வணக்கம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் லைனில் ஒரு தீவு நடைமேடையை இடித்து, உயரம் கூட்டித் திரும்பக் கட்டும் வேலை. நீளம் 270 மீட்டர், அகலம் 8 மீட்டர். இப்போதுள்ள வரைபடம் இது:

இருபுறமும் எல் வடிவத் தடுப்புச்சுவர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.6 கன மீட்டர் காங்கிரீட், கன மீட்டருக்கு 90 கிலோ கம்பி. நடுவில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரப்பு. அதன் மேல் 150 மிமீ தளம், மெஷ் கம்பி கன மீட்டருக்கு 40 கிலோ. அதற்கு மேல் 40 மிமீ சிமெண்ட் கலவை, 10 மிமீ விட்ரிஃபைடு டைல்ஸ். கூரை 180 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 12 மீட்டருக்கு ஒரு தூண், மொத்தம் 16. எஃகு சதுர மீட்டருக்கு 45 கிலோ, மேலே 0.6 மிமீ ஷீட். தூண் அடித்தளம் ஒவ்வொன்றும் 6 கன மீட்டர். எல்லா காங்கிரீட்டுக்கும் ஒரே கலவைதான்: கன மீட்டருக்கு சாதா போர்ட்லாண்ட் சிமெண்ட் 380 கிலோ.

பொருள் தயாராவதில் தொடங்கி கட்டி முடிக்கும் வரையிலான கார்பனில் 30 சதவீதம் குறையவேண்டும் என்பது நிபந்தனை. சிமெண்டில் பாதியை ஸ்லாக்காக (இரும்பு உலைக் கசடை அரைத்த தூள்) மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்கிறது ஒப்பந்ததாரர் தரப்பு. அதற்கு ஒரு ஈபிடி அறிக்கையும் (பொருளின் கார்பன் முதலான சுற்றுச்சூழல் பாதிப்பைச் சொல்லும் தாள்) கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 20 மீட்டர் போட்டுப் பார்த்த சோதனைத் தளத்தில் உள்ளங்கையால் தேய்த்தாலே வெள்ளைத் தூள் வருகிறது. குறுக்கே ஒழுங்கில்லாமல் நாலைந்து விரிசல். இரவு 4 மணி நேர பிளாக்கில்தான் (லைனில் வண்டியை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கும் நேரம்) காங்கிரீட் போட முடியும்.

ஸ்லாக் மட்டும் போட்டு 30 சதவீதத்தைத் தொட முடியுமா? அந்தத் தளத்தில் என்ன கோளாறு? மரக் கூரைக்கு மாறலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது, அது சரிவருமா?

---

கார்பன்கணக்கர்:

கலவையைப் பேசும் முன் அளவுகளைப் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் கொடுத்ததை வைத்தே போடுகிறேன். கிலோவுக்கு இத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று நான் எடுத்தவை: சிமெண்ட் 0.85, ஸ்லாக் 0.08, கம்பி 2.0, கூரை எஃகு 2.3, பூச்சு ஷீட் 2.7, டைல்ஸ் 0.75. ஜல்லி, நிரப்பு மண் டன்னுக்கு 5 கிலோ. லாரி, டன்-கிலோமீட்டருக்கு 0.1. உங்களுக்குப் பொருள் தரும் ஆலையின் ஈபிடி கிடைத்ததும் இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசை பெரிதாக மாறாது.

சுவர் 324 கன மீட்டர், தளமும் 324 கன மீட்டர். 380 கிலோ சிமெண்ட் கலவை கன மீட்டருக்குச் சுமார் 340 கிலோ. ஆக 220 டன்.
இவற்றின் கம்பி 42 டன். கார்பன் 84 டன்.
டைல்ஸுக்கு அடியில் போகும் சிமெண்ட் கலவை, 1:4 (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) என்றால், 28 டன்.
டைல்ஸ் 36 டன்.
கூரை எஃகு 81 டன். கார்பன் 186 டன். ஷீட் 23 டன்.
தூண் அடித்தளங்கள், கம்பியோடு, 48 டன்.
நிரப்பு சுமார் 3,400 டன் மண். தயாரிப்பு 17, 60 கிமீ லாரி என்றால் 20.

மொத்தம் 662 டன். 30 சதவீதம் என்றால் 199 டன் குறையவேண்டும்.

இப்போது ஒப்பந்ததாரர் சொன்னதைப் போடுவோம். 190 கிலோ சிமெண்ட், 190 கிலோ ஸ்லாக். 340 கிலோ 194 ஆகிறது. கன மீட்டருக்கு 146 கிலோ மிச்சம். அடித்தளமும் சேர்த்து 744 கன மீட்டருக்கு 109 டன். மொத்தத்தில் 16 சதவீதம். ஒரு கன மீட்டர் காங்கிரீட்டில் 43 சதவீதம் குறைவது உண்மை, அந்த எண்ணைத்தான் காட்டியிருப்பார்கள். நடைமேடை வெறும் காங்கிரீட் இல்லையே.

இந்தப் பட்டியலில் கவனிக்கவேண்டிய வரி, டைல்ஸுக்கு அடியில் இருக்கும் கலவை. கண்ணுக்கே தெரியாத 40 மிமீ, டைல்ஸ் அளவுக்கு ஏறக்குறைய வந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் 64 டன், பத்து சதவீதம். தளத்தையே நேராக மிதவை (மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும் கருவி) போட்டு, துடைப்பக் கோடு இழுத்து முடித்துவிட்டால் இரண்டும் போய்விடும். ஈரத்தில் வழுக்கல் சோதனையில் ஊசல் அளவு 36-க்கு மேல் வந்தாக வேண்டும். துடைப்பக் கோட்டுக்கு அது பெரிய காரியமில்லை, பளபளப்பு டைல்ஸ்தான் அங்கே தடுமாறும். டைல்ஸ் 15, 20 வருஷத்தில் பெயர்ந்து மாறும்போது கலவையும் சேர்ந்தே மாறும். உங்கள் 30 சதவீதக் கணக்கு கட்டி முடிப்பதோடு நிற்பதால் அது எண்ணில் தெரியாது, ஆனால் இன்னொரு தடவை அதே 64 டன்.

ஈபிடி பற்றி. கையில் வந்த தாளில் நான்கு இடத்தைப் பாருங்கள்: எந்த ஆலை (குறிப்பிட்ட ஆலையா, பல ஆலைகளின் சராசரியா), செல்லும் தேதி (வழக்கமாக 5 ஆண்டு), அளவு அலகு (கன மீட்டரா, டன்னா), எந்தக் கட்டங்கள். இஎன் 15804 முறையில் ஏ1 முதல் ஏ3 வரை ஆலை வாசலோடு நின்றுவிடும்; ஏ4 போக்குவரத்து, ஏ5 கட்டுமிடத்து வேலையும் வீணாவதும். உங்கள் நிபந்தனை ஏ5 வரை. டைல்ஸில் 10 சதவீதம், காங்கிரீட்டில் 5 சதவீதம் வீண் என்று சேர்த்தாலே எண் ஏறும். மேலே நான் அதைச் சேர்க்கவில்லை. சிலர் மறுசுழற்சிப் பலனை, அதாவது கட்டம் டி-யை, மொத்தத்திலிருந்து கழித்துக் காட்டுவார்கள். அது தனியாகச் சொல்லவேண்டிய எண். கழித்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

---

கலவைவிகிதம்:

தூள் வருவதற்கும் விரிசலுக்கும் காரணம் வேற வேற. ஸ்லாக் மேல பழி போட்டு விட்டுடாதீங்க, அது இல்லாமலும் இப்படி ஆகும். ஸ்லாக் சேர்ந்தா தப்பு செய்ய வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

முதல்ல தூள். 50 சதவீத ஸ்லாக் கலவை இரவுக் குளிரில் இறுக சாதா கலவையைவிட 1 முதல் 3 மணி நேரம் கூடுதலா எடுக்கும். அந்த நேரம் முழுக்க தண்ணி மேல கசிஞ்சுகிட்டே இருக்கும். 4 மணி நேர பிளாக்ல, முடிச்சுட்டுப் போகணும்கிற அவசரத்துல, மேல தண்ணி மினுமினுப்பு இருக்கும்போதே மிதவை ஓட்டியிருப்பாங்க. அந்தத் தண்ணி மேல் 2, 3 மிமீக்குள்ள போய், அங்க மட்டும் தண்ணி-சிமெண்ட் விகிதம் எகிறிடும். உங்க கையில ஒட்டுற வெள்ளைத் தூள் அதுதான். இன்னும் மோசம், மினுமினுப்பை உலர்த்த சிமெண்ட் தூவுறது. அதைச் செஞ்சிருந்தா தட்டிப் பாருங்க, மேல் தோல் தனியா சத்தம் கொடுக்கும்.

அடுத்து விரிசல். அறுவை இயந்திரத்தால ஜாயிண்ட் வெட்ட, காங்கிரீட் போட்டதுல இருந்து ஒரு நேர எல்லை உண்டு. சாதா கலவைக்கு 6 முதல் 12 மணி, பாதி ஸ்லாக்குக்கு 12 முதல் 20 மணி. உங்க பிளாக் 4 மணியில முடிஞ்சுடுது. காங்கிரீட் வெட்டத் தயாராகுறப்ப வண்டி ஓடிக்கிட்டிருக்கும்; அடுத்த இரவு ஆள் உள்ள வர்றப்ப தளம் தானே எங்கெங்க வேணுமோ வெடிச்சு முடிச்சிருக்கும். அதனாலதான் ஒழுங்கில்லாம குறுக்கே வந்திருக்கு. இதுக்கு அறுவையை நம்பாதீங்க. ஈரமா இருக்கும்போதே விரிசல் பட்டையைச் செருகிடணும்: 150 மிமீ தளத்துக்கு 40 மிமீ ஆழம், 4 மீட்டருக்கு ஒண்ணு. 8 மீட்டர் அகலத்துக்கு நடுவிலும் நீளவாக்கில் ஒண்ணு. கூரைத் தூண் வர்ற இடத்துல தூணைச் சுற்றி வைர வடிவில் தனி ஜாயிண்ட், இல்லைன்னா மூலையில இருந்து சாய்வா கிழியும்.

க்யூரிங் காம்பவுண்டை (ஈரம் ஆவியாகாம தடுக்கிற பூச்சு) மிதவை முடிஞ்ச உடனே தெளிக்கணும், காலையில இல்ல. பிறகு சாக்கும் பாலிதீனும் 10 நாள். ஸ்லாக் கலவைக்கு 7 நாள் போதாது, மேல்தோல் ஆழமா கார்பனேட் ஆகும். காற்று வீசுற திறந்த மேடையில ஆவியாதல் ஒரு மணிக்குச் சதுர மீட்டருக்கு அரை கிலோவைத் தாண்டினாலே எச்சரிக்கை.

தளத்துக்கு என் யோசனை: ஸ்லாக்கை 25, 30-க்கு இறக்குங்க, இல்லைன்னா அறவே விட்டுடுங்க. முதல்ல சிமெண்டையே குறைங்க. 380 கிலோ யாரோ பழைய வேலையில இருந்து எடுத்து ஒட்டின எண் மாதிரி இருக்கு. ஜல்லியை ரெண்டு அளவுக்குப் பதிலா மூணு அளவுல கலந்து இடைவெளியைக் குறைச்சு, பாலிகார்பாக்சிலேட் அட்மிக்சர் (தண்ணியைக் குறைக்கிற வேதிக்கலவை) போட்டா 330 கிலோவுல அதே வலிமையும் அதே சரிவும் (ஈரக் கலவையோட இளக்கம்) வரும். கன மீட்டருக்கு 42 கிலோ கார்பன் மிச்சம், தளத்துக்கு மட்டும் 14 டன். உங்க சுற்றுச்சூழல் வகுப்புக்கு (காங்கிரீட் நிக்கிற இடம் எவ்வளவு கடுமைங்கிற பிரிவு) விதி கேட்கிற குறைந்தபட்ச சிமெண்டுக்குக் கீழ போகுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

இப்ப ஸ்லாக்கை எங்க போடணும்? கூரைத் தூண் அடித்தளத்துல. அங்க மூணாவது நாளே வலிமை வேணும்னு யாரும் கேட்கப் போறதில்லை, மண்ணுக்குள்ள ஈரம் இருக்கும், குளோரைடு, சல்ஃபேட் தாக்குதலைத் தாங்கவும் நல்லது. க்யூப் சோதனையை (காங்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கிறது) 28 நாளுக்குப் பதிலா 56 நாளுக்கு எழுதுங்க, இன்னும் கொஞ்சம் பைண்டர் (சிமெண்டும் ஸ்லாக்கும் சேர்ந்தது) குறையும். சுரங்க நிலையமா இருந்தா ஒன்றரை, ரெண்டு மீட்டர் தடிமன் அடித்தளப் பலகை, டயாஃப்ரம் சுவர் (மண்ணுக்குள்ள அகழி தோண்டி வார்க்கிற சுவர்) எல்லாம் ஸ்லாக்குக்கே பிறந்த இடம்: உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டக்கூடாது, உள்ளுக்கும் மேலுக்கும் 20 டிகிரி வித்தியாசத்துக்கு மேல கூடாதுன்னு அங்க ஏற்கனவே கட்டுப்பாடு இருக்கு.

இன்னொண்ணு, கேட்க கசப்பா இருக்கும். ஸ்லாக் இரும்பு உலையோட உபபொருள். நாம அதிகமா கேட்டா உலை அதிகமா கக்காது. உலகத்துல கிடைக்கிற நல்ல ஸ்லாக் அனேகமா எல்லாமே ஏற்கனவே எங்கேயோ சிமெண்டுல போய்ச்சேருது. நீங்க 109 டன் குறைச்சதா எழுதுறப்ப, வேற ஒரு இடத்துல அதுக்கு ஈடான சிமெண்ட் கூடுதலா போகும். உங்க அறிக்கையில எண் குறையும், காற்றுல குறையாது. அதனால அவசியமான இடத்துக்கு மட்டும் கேளுங்கன்னு சொல்றேன்.

சுட்ட களிமண் கலந்த சிமெண்ட் உங்களுக்குக் கிடைச்சா தளத்துக்கு அதைக் கேளுங்க. கிளிங்கர் (சாதா சிமெண்டோட மூலப்பொருளான சுட்ட கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும், கிளிங்கருக்கு 1,450. ஏழாவது நாள் வலிமை சாதா சிமெண்டுக்குப் பக்கத்துல வந்துடும், ஸ்லாக்கைப் போல இழுக்காது. தண்ணி அதிகம் கேட்கும். அட்மிக்சர் அளவைக் கூட்டணும், சரிவு சீக்கிரம் இறங்கும். லாரி நின்னு காத்திருக்குற பிளாக் வேலைக்கு இது பெரிய தலைவலி, முன்னாடியே சோதனைக் கலவை போட்டு 90 நிமிஷத்துல சரிவு எவ்வளவுன்னு எழுதி வாங்கிடுங்க.

---

கூரைக்கணக்கு:

186 டன் கூரையில் இருக்கிறது, எல்லாரும் சிமெண்டைப் பற்றிப் பேசுகிறோம்.

சதுர மீட்டருக்கு 45 கிலோ என்பது ஒரே அகல நடைமேடைக் கூரைக்குக் கனம்தான். வழக்கமாக எங்கே கூடுகிறது என்றால், ஓரத்து இடைவெளிக்கு வேண்டிய பர்லினையே (ஷீட்டைத் தாங்கும் சட்டம்) எல்லா இடைவெளிக்கும் போட்டுவிடுவார்கள், 'பட்டியல் எளிது' என்று. ஒரு தொடர் பர்லினில் கடைசி இடைவெளியின் திருப்புவிசை நடுவில் உள்ளதைவிடத் தெளிவாக அதிகம். நடுவில் 13 இடைவெளிக்கும் தேவையில்லாத தடிமன் போகிறது. வடிவமைப்பாளரிடம் ஒவ்வொரு உறுப்பின் பயன்பாட்டு விகிதத்தையும் (தாங்கும் திறனில் எத்தனை பங்கு சுமை வருகிறது) ஒரு பத்தியாகக் கேளுங்கள். 0.5, 0.6 என்று வரிசையாக நின்றால் அங்கேதான் எடை. 0.85-க்கு மேல் கொண்டுவந்தால் 32 கிலோ எட்டக்கூடியது. 13 கிலோ, 1,800 சதுர மீட்டர், 23 டன் எஃகு. கார்பன் 54 டன்.

இரண்டு இடத்தில் கவனம். வேகமாகக் கடக்கும் வண்டி கூரை விளிம்பில் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறிக் கொடுக்கும். நிற்காத வண்டிகள் அந்த லைனில் உண்டென்றால், மெலிதாக்கிய விளிம்பு உறுப்புக்கும் அதன் போல்டுக்கும் சோர்வுக் கணக்கு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுமா என்பது) தனியாகப் போடவேண்டும். அடுத்தது, திறந்த கூரையில் காற்றின் மேல்தூக்கல். எடை குறைந்தால் கூரை இன்னும் சுலபமாகத் தூக்கும். ஒரு தூணுக்கு 120 சதுர மீட்டர். 13 கிலோ குறைந்தால் 15.6 கிலோநியூட்டன் எதிர்ப்பு போகிறது, ஈடுகட்ட 0.65 கன மீட்டர் காங்கிரீட். 16 தூணுக்குப் பத்து கன மீட்டர் சொச்சம், மூன்றரை டன் கார்பன். 54-க்கு எதிரே அது சின்னது, ஆனால் இதைக் கணக்கில் விட்டவர்கள் கடைசியில் அடித்தளத்தை இரட்டிப்பாக்கியதும் உண்டு. காங்கிரீட்டை வளர்க்காமல் அடித்தளப் பலகையை அரை மீட்டர் கீழே இறக்கி மேலே மண்ணை ஏற்றுங்கள். மண்ணுக்கும் எடை உண்டு.

மின்வில் உலையில் பழைய இரும்பை உருக்கிய எஃகு கிலோவுக்கு 0.7 அளவில் கிடைக்கும், 2.3 எங்கே அது எங்கே என்று தோன்றும். கலவைவிகிதம் ஸ்லாக்குக்குச் சொன்ன கசப்பு இதற்கும் அப்படியே பொருந்தும்: பழைய இரும்பு ஏற்கனவே பொறுக்கப்பட்டு உருகிக்கொண்டுதான் இருக்கிறது. டன்னைக் குறையுங்கள், பிறகு ஆலையைப் பாருங்கள்.

மரக் கூரை. தரைக்கு மேலே, திறந்த மேடையில், தாராளமாக முடியும். நெதர்லாந்தின் அசன், ஜப்பானின் கோச்சி நிலையங்களில் பெரிய மரக் கூரைகள் நிற்கின்றன. சுரங்கத்துக்குள் அந்தப் பேச்சே வேண்டாம். லண்டன் கிங்ஸ் கிராஸில் 1987-ல் மர எஸ்கலேட்டரில் பிடித்த தீ 31 உயிரைக் கொண்டுபோனது. அடுக்கடுக்காக ஒட்டிய மர உத்தரத்துக்குத் தீக்கணக்கு சுலபம்: நிமிஷத்துக்கு 0.7 மிமீ கருகும், 60 நிமிஷத்துக்கு 42, அதோடு வலிமையிழந்த அடுக்கு 7. ஆக தீ படும் ஒவ்வொரு பக்கத்திலும் 49 மிமீயைக் கழித்துவிட்டு மிச்சம் சுமை தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தோற்பது இணைப்பில்தான். இரும்புத் தகடு வெளியே தெரிந்தால் அது வெப்பத்தை உள்ளே கடத்தி, போல்டைச் சுற்றி மரம் கருகும். தகட்டைப் பிளவுக்குள் புதைத்து, போல்டு தலையை மரக்கட்டையால் மூடவேண்டும்.

தூணின் அடி தரையைத் தொடக்கூடாது. மேடையை நீரடித்துக் கழுவுவார்கள். 150 மிமீ இரும்புக் காலணி வைத்து, நீர் தேங்காமல் அடியில் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். வெட்டுமுகம் தண்ணீர் குடித்தால் பத்து வருஷம் தாங்காது. மேல்தூக்கலும் மறக்கவேண்டாம், மரக் கூரை இன்னும் லேசு.

---

பழையதண்டவாளம்:

எல்லாரும் புதுசா என்ன வாங்குறதுன்னே பேசுறீங்க. இடிக்கிற மேடையில என்ன இருக்குன்னு யாரும் கேட்கலையே சார்?

பழைய சுவர் நல்லா இருந்தா அதை ஏன் இடிக்கணும். ஆனா மேல மண்ணை ஏத்தி உயரம் கூட்டிடாதீங்க. சாய்க்கும் திருப்புவிசை உயரத்தோட மூணாவது அடுக்குல ஏறும், 0.6 மீட்டர் மண் தாங்கின சுவருக்கு 0.9 கொடுத்தா 3.4 மடங்கு. வேற வழி இருக்கு: உள்ளே குட்டிச் சுவர்கள் கட்டி, குறுக்கே பிரீகாஸ்ட் பலகை போட்டு, மேடையை அந்தப் பலகை மேலயே நிறுத்துங்க. பழைய சுவர் விளிம்புக் கல்லை மட்டும் சுமக்கும், புது மண் அழுத்தம் அதுக்கு வராது. உள்ள காலியா இருக்கிறதால கேபிளுக்கும் வசதி. முதல்ல 20 மீட்டருக்கு ஒரு கோர் (சுவர்ல துளைச்சு எடுக்கிற உருளை மாதிரி) எடுத்து, அடி எவ்வளவு ஆழம்னு ஒரு குழி தோண்டிப் பாருங்க. பழைய வரைபடத்துல இருக்கிற ஆழம் தரையில இருக்காது.

பழைய சுவர் உதவாதுன்னா, எல் வடிவத்துக்குப் பதில் ஜியோகிரிட் (மண் அடுக்குகளுக்கு நடுவுல விரிக்கிற பிளாஸ்டிக் வலை) வச்சு மண்ணையே இறுக்குங்க. முன்னாடி 150 மிமீ முகப்புப் பலகை, உயரம் 1.2. மீட்டருக்கு 0.18 கன மீட்டர், உங்க 0.6-க்குப் பதிலா. ரெண்டு பக்கமும் சேர்த்து 227 கன மீட்டர் மிச்சம். கார்பன் 77 டன், கம்பியில 41 டன். கிரிட்டுக்கு ஒரு 3 டன் திருப்பிக் கொடுங்க.

லேசான நிரப்புன்னு யாராவது நுரை காங்கிரீட்டைக் கொண்டுவந்தா வாசலோடயே அனுப்பிடுங்க. 'லேசு, பம்ப் பண்ணலாம், ஒரே ராத்திரி' எல்லாம் சரி. கன மீட்டருக்கு 300 கிலோ சிமெண்ட். 1,900 கன மீட்டருக்கு 485 டன் கார்பன்! நீங்க மிச்சம் பிடிக்க நினைக்கிறதைப்போல ரெண்டரை மடங்கு அந்த ஒரு வரியில போயிடும்.

இடிச்ச காங்கிரீட்டை உடைச்சு நிரப்புக்குப் போடுங்க, புதுக் காங்கிரீட்டுக்குள்ள ஜல்லியா போடாதீங்க. ஜல்லியில கார்பனே டன்னுக்கு 5 கிலோதான், அதுல மிச்சம் பிடிக்க ஒண்ணும் இல்ல. பழைய காங்கிரீட் ஜல்லி 4 முதல் 7 சதவீதம் தண்ணி குடிக்கும், சரிவு விழுந்துதுன்னு சிமெண்டைக் கூட்டிடுவாங்க, நஷ்டம்தான்.

கழிச்சுப்போட்ட பேலஸ்ட் ஜல்லி (தண்டவாளத்துக்கு அடியில போடுறது) நல்ல நிரப்பு. ஆனா வண்டி நிக்கிற இடத்துல அள்ளினதுல டீசலும் கிரீஸும் இருக்கும். சல்லடை போட்டு நுண்தூளைத் தனியாக்கி, எண்ணெய் சோதனை முடிச்சபிறகுதான் உள்ளே. எண்ணெய் பெரும்பாலும் தூள்லதான் தங்கும். கிரியோசோட் (மரம் மக்காம தடவுற தார் எண்ணெய்) போட்ட பழைய மர ஸ்லீப்பரை, அழகா இருக்குன்னு பெஞ்சா மாத்தாதீங்க. அது புற்றுநோய்ப் பொருள், வெயில்ல கசியும்.

பழைய தண்டவாளத்தைக் கைப்பிடித் தூணாவும் வேலித் தூணாவும் நட்டா மீட்டருக்கு 50, 60 கிலோ எஃகு சும்மா கிடைச்ச மாதிரி. ஒரே ஒரு விஷயம், வெல்டு வைக்காதீங்க. அந்த எஃகுக்குள்ள கலந்திருக்கிற கார்பன் 0.6, 0.8 சதவீதம். சாதா இரும்பு மாதிரி நேரா வச்சா, ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்துல முடி மாதிரி விரிசல் ஓடும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாள் சாய்ஞ்சு பிடிச்சவரோட வரும். துளை போட்டு போல்டு போடுங்க.

நிரப்பை லாரியில கொண்டுவரணும்னு ஏன்? பக்கத்துலயே தண்டவாளம் இருக்கு. ரயில்ல கொண்டுவந்தா போக்குவரத்துக் கார்பன் கால்வாசி. 20 டன் 5 ஆகும். ஆனா இறக்குற பிளாக்கும் காங்கிரீட் பிளாக்கும் ஒரே இரவுல மோதக்கூடாது, அதை அட்டவணை போடுறவர்கிட்ட முதல்லயே பிடிச்சு வைங்க.

---

மேடைவிளிம்பு:

எல்லாருக்கும் நன்றி. கூட்டிப் பார்த்தேன்: டைல்ஸும் கலவையும் 64, கூரை எடை 54-ல் அடித்தளத்துக்குக் கொடுத்தது போக 50, சுவர் 118-ல் கிரிட் போக 115. மொத்தம் 229. தேவை 199. ஸ்லாக் இன்னும் உள்ளேயே வரவில்லை!

சந்தேகம் இரண்டு. மேடைக்குள் சிக்னல், தொலைத்தொடர்பு, மின் கேபிள்கள் போகின்றன. ஜியோகிரிட்டை நாளை யாராவது தோண்டி அறுத்துவிட்டால்? முகப்புப் பலகையை ஆலையில் வார்க்கிறார்கள், அதிலாவது ஸ்லாக் போடலாமா?

---

பழையதண்டவாளம்:

அறுப்பாங்க, சந்தேகமே வேண்டாம். அதனால கேபிளுக்கு முன்னாடியே இடம் கொடுத்துடுங்க. மேல் கிரிட்டைத் தளத்து அடியில இருந்து 450 மிமீ கீழ வைங்க. அந்த 450-க்குள்ள மேடையோட நடுவுல மூடி போட்ட பிரீகாஸ்ட் கால்வாய், ரெண்டு காலி குழாய் கூடுதலா. விளிம்புல இருந்து 2 மீட்டருக்குள்ள நீளவாக்குல தோண்டக்கூடாதுன்னு வரைபடத்துல எழுதி, கிரிட்டுக்கு 150 மிமீ மேல எச்சரிக்கை நாடா. மேல 450 மிமீ மண்ணோட அழுத்தத்தை கிரிட் இல்லாம முகப்புப் பலகையே தாங்கணும், அதைச் சுவர்க் கணக்கு போடுறவர்கிட்ட சொல்லிடுங்க. இன்னொரு பக்கம், தண்டவாளத்துக்குப் பேலஸ்ட் மாத்துற இயந்திரம் முகப்புப் பலகையோட அடியைத் தோண்டிடாத ஆழத்துக்குப் பலகை இறங்கியிருக்கணும்.

---

கலவைவிகிதம்:

ஆலைக்காரங்க மறுநாள் காலையில அச்சைக் கழட்டணும், அதுக்கு 15 மெகாபாஸ்கல் பக்கம் வேணும். பாதி ஸ்லாக் போட்டா அது வராது. நீராவி ஏத்திச் சூடாக்கி வரவழைப்பாங்க, மிச்சம் பிடிச்ச கார்பன்ல ஒரு பங்கு பாய்லர்ல போயிடும். 20 சதவீதத்தோட நிறுத்துங்க. இல்லன்னா அச்சு எண்ணிக்கையைக் கூட்டி ரெண்டு நாளுக்கு ஒரு தடவை கழட்டச் சொல்லுங்க. 540 மீட்டர் பலகை, 2 மீட்டர் நீளம்னா 270 பலகை. நாளைக்கு 6 வேணும்னா 12 அச்சு. அச்சு இரும்பு, மறுபடி மறுபடி ஓடும்.

தளத்துக்கு இன்னொரு சோதனை போடுறதுக்கு முன்னாடி, போன 20 மீட்டரை இடிச்சுடாதீங்க. மேல் 3 மிமீயை வைரத் தட்டால உரசி எடுத்து, லித்தியம் சிலிகேட் (மேல்தோலை இறுக்குற திரவம்) தெளிச்சுப் பாருங்க. விரிசலை அகல அளவுகோலால அளந்து, 0.3-க்கு மேல இருக்கிறதை மட்டும் எபாக்சியால அடைங்க. உரசினபிறகு ஊசல் சோதனையை ஈரத்துல மறுபடி எடுக்கணும், வைரத் தட்டு தேய்ஞ்சிருந்தா தரை கண்ணாடி மாதிரி ஆயிடும்.